ரூபாய்க்கு ஒரு தம்பிடி!

கள்ளுக்கடையை மூடுவதற்காகப் பிறந்த வரியின் கதை

1937-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம் 1-ந் தேதி.

சேலம் ஜில்லாவில் அன்று கள்ளுக்கடைகள் திறக்கவில்லை. சாராயக் கடைகளும் திறக்கவில்லை. முதல் நாள் வரை கூட்டம் மொய்த்த கடைகள், மறுநாள் பூட்டிக் கிடந்தன.

அப்போதைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது அந்த ஜில்லாவில்தான்.

கூலிக்காரர் வீட்டுப் பெண்களுக்கு அது நல்ல நாள். ஆனால் சென்னைக் கோட்டையில் கணக்குப் பார்த்தவர்களுக்கு அது கவலை நாள்.

கடையை மூடியாயிற்று. கடையிலிருந்து கஜானாவுக்கு வந்த பணமும் நின்று போயிற்றே! அந்தப் பணத்துக்கு எங்கே போவது?

அந்தக் கேள்விக்குப் பிறந்த பதில்தான் விற்பனை வரி. இன்று கடையில் சோப்பு வாங்கினாலும், செருப்பு வாங்கினாலும் ரசீதின் அடியில் ஒரு வரி போடுகிறார்களே, அதன் பாட்டன் அந்த விற்பனை வரி.

நாலில் ஒரு பங்கு

அந்தக் காலத்தில் சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஆந்திரக் கரையோர ஜில்லாக்கள், ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

அவ்வளவு பெரிய மாகாணத்தை நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது?

முதலாவது, நிலவரி. விவசாயி கொடுத்த பணம்.

இரண்டாவது, ஆப்காரி வருமானம். ஆப்காரி என்றால் கள், சாராயத்தின் மீது சர்க்கார் வாங்கும் பணம். கடைகளை ஏலம் விடுவார்கள். கள் இறக்கும் மரத்துக்கு மர வரி உண்டு. சாராயத்துக்குத் தனி வரி உண்டு.

மாகாண வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தக் குடிப் பணம்தான். பள்ளிக்கூட வாத்தியார் சம்பளமானாலும், ஆஸ்பத்திரி மருந்தானாலும், அதில் ரூபாய்க்கு நாலணா குடிகாரர் கொடுத்ததாக இருந்தது.

குடிப்பவன் பணக்காரன் அல்ல. நெசவாளி, வண்டிக்காரன், கல் உடைப்பவன், வயலில் கூலி வேலை செய்பவன். அவன் வீட்டில் அரிசி வாங்க வேண்டிய காசுதான் கடை வழியாகக் கஜானாவுக்குப் போயிற்று. அவனுடைய பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவனுடைய குடியே செலவு செய்தது!

இது சரியா? இந்தக் கேள்வியை வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் ராஜாஜி.

ஆசிரமத்திலிருந்து கோட்டைக்கு

ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர். சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். 1925-ல் திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையம் என்ற ஊரில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். குடியினால் குடும்பங்கள் கெடுவதை அங்கே நேரில் பார்த்தார். மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக வேலை செய்தார்.

1937-ல் தேர்தல் வந்தது. காங்கிரஸ் ஜெயித்தது. ஜூலை மாதம் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். இன்று முதல்-அமைச்சர் என்று சொல்லும் பதவிக்கு அன்று அதுதான் பெயர். நிதி இலாகாவையும் அவரே வைத்துக்கொண்டார்.

ஆகவே கடையை மூடச் சொன்னவரும் அவர்தான். கடையை மூடினால் வரும் பள்ளத்தை நிரப்ப வேண்டியவரும் அவர்தான்!

ஒரு ஜில்லாவோடு அவர் நிற்கவில்லை. 1938-ல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களில் மதுவிலக்கு வந்தது. 1939-ல் வட ஆற்காட்டில் வந்தது. ஜில்லா கூடக் கூட, கஜானாவில் பள்ளமும் ஆழமாயிற்று.

வேறு வழி உண்டா?

வீட்டில் ஒரு வருமானம் நின்றால் என்ன செய்வோம்? செலவைக் குறைப்போம். அல்லது வேறு வருமானம் தேடுவோம்.

செலவைக் குறைத்தால் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் மூட வேண்டும். அது முடியாது.

நிலவரியைக் கூட்டலாமா? விளைபொருள் விலை வீழ்ந்து, விவசாயி கடனில் மூழ்கியிருந்த காலம் அது. அவன் தலையில் இன்னொரு சுமையை வைக்க முடியாது.

வருமான வரி போடலாமா? துறைமுகத்தில் சுங்கம் வாங்கலாமா? அவை டெல்லி சர்க்காரின் உரிமை. மாகாணம் தொட முடியாது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. 1935-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தில், மாகாணங்கள் போடக்கூடிய வரிகளின் பட்டியலில் 'பொருள் விற்பனை மீது வரி' என்று ஒரு இனம் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டார் ராஜாஜி. 1939-ல் நான்கு புதிய வரிச் சட்டங்கள் வந்தன. பெட்ரோல் விற்பனைக்கு ஒரு வரி. புகையிலை விற்பனைக்கு ஒரு வரி. சினிமா, நாடகம் முதலிய கேளிக்கைகளுக்கு ஒரு வரி. நாலாவதுதான் பெரியது. மற்றப் பொருள்களுக்கெல்லாம் பொது விற்பனை வரி!

பொதுவாக எல்லாப் பொருள்களுக்கும் விற்பனை வரி போட்டது இந்தியாவில் சென்னை மாகாணமே முதலில்.

தம்பிடிக் கணக்கு

வரி எவ்வளவு? அரை சதவீதம்.

அதாவது 200 ரூபாய்க்குச் சரக்கு விற்றால் 1 ரூபாய் வரி. அப்போது ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. அதில் அரை சதவீதம் என்றால் ஏறக்குறைய ஒரே ஒரு தம்பிடி!

எல்லாக் கடைக்காரரும் இதைக் கட்ட வேண்டியதில்லை.

வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்கும் சிறு கடைக்கு வரி கிடையாது.

10,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை விற்றால், மாதம் 5 ரூபாய் கட்டினால் போதும்.

20,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் அரை சதவீதம். உதாரணமாக, வருஷம் 24,000 ரூபாய்க்கு விற்கும் கடைக்கு 120 ரூபாய் வரி.

விவசாயி தன் நிலத்தில் விளைந்ததைத் தானே விற்றால் வரி இல்லை. பருத்திக்கும் நூலுக்கும் வரி இல்லை. கைத்தறித் துணியை மட்டும் விற்கும் கடைக்காரருக்கு, அந்தத் துணிக்கு வரி இல்லை. சேலம் நெசவாளி கஷ்டம் சேலத்து வக்கீலுக்குத் தெரியாதா?

வியாபாரிகள் கோபம்

ஆனாலும் வியாபாரிகள் ஒப்பவில்லை. கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள்.

"லாபம் வந்தால் வருமான வரி கட்டுகிறோம். இந்த வரியோ, நஷ்டம் வந்தாலும் விற்ற பணத்துக்குக் கட்ட வேண்டுமே!" இது ஒரு வாதம்.

"ஒரே சரக்குக்கு எத்தனை தடவை வரி?" இது இன்னொரு வாதம். இதில் நியாயம் இருந்தது. எண்ணெய் மில்காரர் மொத்த வியாபாரிக்கு விற்றால் ஒரு தடவை வரி. மொத்த வியாபாரி கடைக்காரருக்கு விற்றால் மறு தடவை. கடைக்காரர் வீட்டுக்காரருக்கு விற்றால் மூன்றாம் தடவை. அரை சதவீதம் மூன்று முறை சேர்ந்தால் ஒன்றரை சதவீதம் ஆகிவிடும்.

மூன்றாவது வாதம்தான் முக்கியமானது. "இந்த வரியை வியாபாரி கையிலிருந்து கொடுப்பாரா? விலையில் ஏற்றிவிடுவார். குடிக்காத ஏழையும் கொடுக்க வேண்டி வரும். குடிகாரன் கொடுத்த பணத்தைக் குடிக்காதவன் ஏன் கொடுக்க வேண்டும்?"

எதிர்வாதமும் உண்டு. குடிக்கிறவன் கூலியில் பெரும் பகுதியைக் கடையில் விடுகிறான். ஒரு குடும்பம் அழிந்து வரும் பணத்தைவிட, எல்லாக் குடும்பமும் ரூபாய்க்கு ஒரு தம்பிடி கொடுப்பது மேல் அல்லவா?

சேலத்தில் ஆய்வு செய்தவர்கள், கூலிக்காரர் வீடுகளில் சாப்பாடும் துணிமணியும் மேம்பட்டதாக எழுதினார்கள். மறுபக்கம், கள் இறக்கும் தொழிலாளிகள் பிழைப்பு இழந்தார்கள். சிலர் பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் போனார்கள். அந்தக் குடும்பங்களின் கஷ்டத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

விவாதம் நடந்தது. சட்டம் நிறைவேறியது. 1939 அக்டோபர் 1-ந் தேதி வரி அமலுக்கு வந்தது. சேலத்தில் கடைகளை மூடிச் சரியாக இரண்டு வருஷம்!

ஒரே மாதம்

வரி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மந்திரிசபையே போய்விட்டது!

ஐரோப்பாவில் யுத்தம் மூண்டிருந்தது. இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவையும் யுத்தத்தில் இழுத்துவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். அதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. அக்டோபர் மாத முடிவில் ராஜாஜியும் பதவியை விட்டார். கவர்னர் ஆட்சி வந்தது.

1943-ல் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. மூடிய கடைகள் மறுபடி திறந்தன.

அப்படியானால், கடையை மூடுவதற்காகப் போட்ட வரி? அது போகவில்லை!

யுத்தம் நடக்கும்போதே, நிலக்கடலை எண்ணெய் வியாபாரி ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். உற்பத்தி செய்பவர் விற்கும் பொருளுக்கு வரி போட மாகாணத்துக்கு உரிமை இல்லை என்றார். 1942-ல் பெடரல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. மாகாணத்தின் பக்கமே தீர்ப்பு! விற்பனை வரி சட்டப்படி உறுதியாகிவிட்டது.

மற்ற மாகாணங்கள் சும்மா இருக்குமா? 1941-ல் வங்காளமும் பஞ்சாபும் விற்பனை வரி போட்டன. 1944-ல் பீகார். 1946-ல் பம்பாய். குடியை நிறுத்தச் சென்னை கண்டுபிடித்த வரி, நாடு முழுவதும் பரவிவிட்டது.

குடிப் பணம் இல்லாமல் பகல் சாப்பாடு

1946-ல் காங்கிரஸ் ஆட்சி திரும்பியது. மதுவிலக்கும் திரும்பியது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு வந்தது.

இப்போது குடிப் பணம் இல்லை. விற்பனை வரிதான் தூண்.

1954-ல் காமராஜ் முதல் மந்திரி ஆனார். நிதி, கல்வி இரண்டு இலாகாவும் சி.சுப்பிரமணியம் கையில் இருந்தன. 1956-ல் பள்ளிக்கூடங்களில் இலவசப் பகல் உணவுத் திட்டம் வந்தது. பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருக்கக் கூடாது என்பது நோக்கம். செலவில் ஒரு பங்கை ஊர் மக்கள் அரிசியாகவும் காய்கறியாகவும் பணமாகவும் கொடுத்தார்கள். மற்றதை சர்க்கார் கொடுத்தது.

கவனிக்க வேண்டிய விஷயம் இது: அந்தச் சோற்றில் கள்ளுக்கடைக் காசு கிடையாது. மதுவிலக்கு இருந்த காலத்தில்தான் மதிய உணவு பிறந்தது. குடிப் பணம் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாது என்று யாராவது சொன்னால், இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அன்று அந்தத் திட்டம் சிறியது. இன்றோ அது பல மடங்கு பெரியது.

மறுபடியும் கடை

1971-ல் கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்கை நிறுத்தி வைக்க முடிவு செய்தார்கள். "பக்கத்து மாநிலங்களில் கடை இருக்கிறது. நாம் மட்டும் வருமானத்தை இழக்கிறோம். புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு உதவி தருவதாகச் சொல்லும் டெல்லி, முன்பே கொண்டுவந்த நமக்கு ஏன் தருவதில்லை?" என்று அரசு கேட்டது.

அப்போது ராஜாஜிக்கு 92 வயது. அவர் முதல்-அமைச்சரின் வீட்டுக்கே போனார். மதுவிலக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் ஆகஸ்ட் மாதக் கடைசியில் கடைகள் திறந்தன. அடுத்த வருஷம் டிசம்பரில் ராஜாஜி காலமானார்.

பிறகு 1973-ல் கள்ளுக்கடைகளையும், 1974-ல் சாராயக் கடைகளையும் அதே அரசு மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அவை மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரில், ஜெயலலிதா ஆட்சியில், சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக்கே நடத்தத் தொடங்கியது.

இடையில் 1982 ஜூலை 1-ந் தேதி, திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருஷம் கடை திறந்தது. அந்த வருஷம் அடுப்பு எரிந்தது.

வரிசையைப் பாருங்கள்! கடையை மூடும்போது வரி வந்தது. கடை திறந்தபோது வரி போகவில்லை. இரண்டும் நிலைத்துவிட்டன.

ஒரே பெட்டி

"மதுப் பணத்தில்தான் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். "இல்லை, நாங்கள் கட்டும் வரியில்தான்" என்று சிலர் சொல்வார்கள்.

சட்டப்படி பார்த்தால், அரசு வாங்கும் வரிப் பணம் எல்லாம் 'தொகுநிதி' என்ற ஒரே கணக்கில் போய்ச் சேரும். சட்டசபை அனுமதித்தால்தான் அதிலிருந்து செலவு செய்யலாம். பெட்டியில் விழுந்த பிறகு எந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் பிரிக்க முடியாது. பானையில் ஊற்றிய தண்ணீரில், கிணற்றுத் தண்ணீர் எது, குழாய்த் தண்ணீர் எது?

அதனால்தான் பட்ஜெட் விவாதம் முக்கியம். ஒரு துளையைத் திறந்தால் இன்னொன்றை அடைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. வாகனம் வைத்திருப்பவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அதனால் வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதி மந்திரி சட்டசபையில் சொன்னார்.

கை கட்டிய நிலை

2007-ல் தமிழ்நாட்டில் விற்பனை வரி போய், மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஜி.எஸ்.டி. வந்தது. ஒரே சரக்குக்குத் திரும்பத் திரும்ப வரி என்று 1939-ல் வியாபாரிகள் சொன்ன குறைக்கு இவை மருந்து. முன்னால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஜி.எஸ்.டி. விகிதத்தை ஒரு மாநிலம் தன் இஷ்டப்படி மாற்ற முடியாது. மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்த கவுன்சில்தான் அதை முடிவு செய்கிறது. மாநிலம் தானே விகிதம் வைக்கும் பெரிய விற்பனை வரிகளாக மிஞ்சியவை பெட்ரோல், டீசல், மது!

2024-25-ஆம் ஆண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய்.

செலவும் வளர்ந்திருக்கிறது. 2022-ல் பள்ளிக்கூடங்களில் காலை உணவு வந்தது. 2023 செப்டம்பர் 15-ந் தேதி, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தொடங்கியது. அப்போது அதைப் பெற்றவர்கள் 1 கோடியே 6 லட்சம் பேர். பெருக்கிப் பார்த்தால் வருஷத்துக்கு 12,720 கோடி ரூபாய்.

அந்தப் பெண்களில் பலருடைய வீட்டுக்காரர் அதே மாதம் டாஸ்மாக்கில் எவ்வளவு விட்டார் என்பது, அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடுமா? கள்ளச்சாராயம் தலைதூக்கும் என்று எச்சரிக்கிறார்கள். அந்தப் பயம் பொய் அல்ல. ஆனால் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே, 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆகவே மூடுவது மட்டும் மருந்து அல்ல. திறந்து வைப்பதும் மருந்து அல்ல.

மூன்று கேள்விகள்

ராஜாஜி செய்தது சரியா, தவறா என்று இன்றும் வாதம் செய்யலாம். ஒன்றை மட்டும் யாரும் மறுக்க முடியாது. ஒரு வருமானம் வேண்டாம் என்றவர், அதற்குப் பதில் எது என்பதையும் கூடவே சொன்னார். அது மக்களுக்குப் பிடிக்காத வரி என்று தெரிந்தும், சட்டசபையில் வைத்து வாதாடினார்.

பட்ஜெட் நாளில் பத்திரிகையைப் பிரிக்கும் ஒவ்வொரு குடும்பமும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

எதற்காகச் செலவு?

அந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்?

அவர் எதை விட்டுக்கொடுத்து அதைக் கொடுக்கிறார்?

முதல் கேள்விக்கு எல்லாக் கட்சிகளும் பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சிலர் சொல்வார்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் சட்டசபையில் கிடைக்காது. கூலி வாங்கிய நாள் இரவு, அரிசிப் பானையைத் திறந்து பார்க்கும் தாய்க்குத்தான் அது தெரியும்.

அடுத்த முறை கடையில் ரசீது வாங்கும்போது அடியில் பாருங்கள். மத்திய ஜி.எஸ்.டி., மாநில ஜி.எஸ்.டி. என்று இரண்டு வரிகள் இருக்கும். அந்த இரண்டாவது வரி, ஒரு கள்ளுக்கடையை மூடுவதற்காகக் கேட்ட ஒரு தம்பிடியின் வாரிசு.

தம்பிடி வளர்ந்துவிட்டது. கடை இன்னும் மூடவில்லை!